காது படம் போட்ட ஆப்

பார்க்கிற எதுவும் வேண்டாம், கேட்கிற எதுவும் வேண்டாம். மகளுக்கு வாங்கிய போனில் எதை விட்டுவைப்பது, எதை மூடுவது என்று சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தபோது என்னிடம் இருந்த சட்டம் இவ்வளவுதான்.

நான் கண்காணிப்புக் கேமரா மாட்டுகிறவன். கடை, கிடங்கு, மாடிப்படி, வண்டி நிறுத்துமிடம் என்று ஏணி போட்டு ஏறி ஊர் முழுக்கக் கண் வைத்துவிட்டு வருவேன். அந்தக் கண்களுக்குப் பின்னால் இருக்கிற அறைகளும் எனக்குத் தெரியும். ஒருவன் மேஜைமேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தின்றபடி, யாரோ ஒரு பெண் லிஃப்டுக்குள் தலையைச் சரிசெய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் என் வீட்டில் ஒரு கேமரா கிடையாது. பேசினால் பதில் பேசும் டப்பாவும் கிடையாது. என் மனைவி இதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்வாள். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். வெளியாரிடம் வலிக்காமல் ரத்தம் எடுப்பாள், வீட்டில் என் ரத்தத்தை மட்டும் கொதிக்க வைப்பாள்.

மகளுக்குப் பதினொரு வயது. நாங்கள் அவளை மானேஜர் என்றுதான் கூப்பிடுவோம். பால் எப்போது தீரும், யாருடைய துண்டை யார் எடுத்தார்கள், நேற்றுப் போட்ட சட்டையையே நான் இன்றும் போட்டிருக்கிறேனா என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இரண்டு காதிலும் மெஷின் வைத்திருக்கிறாள். தடித்த சத்தங்கள் கேட்கும். கதவை அறைவது, லாரி உறுமுவது, என் கோபம். ஆனால் லாரி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது. மெல்லிய கீச்சுச் சத்தங்கள் மெஷின் வைத்தாலும் எட்டாது. குருவி கத்துவது கேட்காது. அலாரத்தின் பீப் கேட்காது. பேச்சில் பாதியைக் காதால் வாங்கி, மீதியை எங்கள் வாயைப் பார்த்து எடுத்துக்கொள்வாள்.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. முதுகைக் காட்டிக்கொண்டு யாரும் பேசக்கூடாது. கூப்பிட வேண்டுமென்றால் மேஜையைத் தட்டவேண்டும், அல்லது விளக்கை ஒருமுறை அணைத்துப் போடவேண்டும். அவள் திரும்பி முகம் பார்த்த பிறகுதான் பேச்சு. நானும் மனைவியும் போடும் சண்டைக்கும் இதே சட்டம்தான். முகத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் கத்த முடியும்? பாதியில் யாராவது சிரித்துவிடுவோம்.

விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் அன்று தனியாக நடந்துபோக வேண்டும் என்று மானேஜர் கேட்டிருந்தாள். இத்தனை நாள் நான்தான் பைக்கில் கொண்டுபோய் விட்டேன். அவள் வகுப்பில் நடந்து வராத ஒரே ஆள் அவள்தானாம். மற்ற பிள்ளைகள் வழியிலேயே சிரித்துப் பேசிச் சேர்ந்து நடந்து வர, இவள் மட்டும் ஹெல்மெட்டோடு அப்பா முதுகுக்குப் பின்னாலிருந்து இறங்குகிறாளாம். கையில் போன் இருந்தால் அனுப்பலாம் என்று மனைவி சொன்னாள். சரி, போன் எப்படி இருக்கவேண்டும் என்பதை நான் சொல்கிறேன் என்றேன்.

புதுப் போனைப் பிரித்தால் நாம் கேட்காமலே ஒரு கூட்டம் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பொத்தான். நான் ஆரம்பித்தேன். கடிகாரம் இருக்கட்டும். கால்குலேட்டர், டார்ச், காலண்டர் இருக்கட்டும். திசைகாட்டி யாருக்கு என்ன கெடுதல் செய்யும், அதுவும் இருக்கட்டும். கேமரா, அவுட். ஒலிப்பதிவு, அவுட். பேசினால் பதில் சொல்கிறவள், அவுட். இன்டர்நெட்டை அவள் கல்லூரி முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"மேப் வேணும்ங்க. எங்க இருக்கான்னு நாம பாத்துக்கலாம்" என்றாள் மனைவி.

"ஊரையே வேவு பாக்கற வேலை எனக்கு. பெத்த பொண்ணையும் வேவு பாக்க மாட்டேன்" என்றேன். சொல்லும்போது எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

மானேஜர் எதிரே உட்கார்ந்து என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேமரா போனபோது ஒன்றும் சொல்லவில்லை. விளையாட்டுகள் போனபோதும் சொல்லவில்லை. பட்டியலின் கடைசிப் பக்கத்தில் காது படம் போட்ட ஓர் ஆப் வந்தது. சுற்றிலும் வரும் சத்தங்களைக் கேட்டு, அவற்றை எழுத்தில் காட்டுமாம். என் விரல் பொத்தானுக்குப் போவதற்குள் அவள் மேஜையைத் தட்டினாள்.

"அது மட்டும் வேணும்பா."

"இது எப்பவும் ஒட்டுக் கேட்டுட்டே இருக்கும்டா கண்ணு. நாம பேசறது எல்லாம் எங்கயோ போகும்."

"மத்தது எல்லாம் எடுத்துக்கோ. இது மட்டும்."

"இதான் முதல்ல போகணும்" என்று பொத்தானை அணைத்தேன்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. போனை என் கையிலிருந்து வாங்கி, பெட்டிக்குள் வைத்து, மூடியை அழுத்தி மூடி, என் பக்கம் தள்ளினாள்.

"அப்ப போன் வேண்டாம்."

"போன் இல்லன்னா தனியா போக முடியாது, தெரியும்ல?"

என் உதடுகளைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். தலையாட்டிவிட்டு எழுந்து அறைக்குள் போனாள். மாதக்கணக்காக நச்சரித்து வாங்கிய சம்மதத்தை ஒரு ஆப்புக்காகத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகிறவளை என்ன சொல்வது? பிடிவாதம் அப்படியே அம்மா என்று நினைத்தேன். வாய்விட்டும் சொன்னேன்.

"அது உங்க சொத்து, என் தலையில கட்டாதீங்க" என்றாள் மனைவி. "என் போன்ல அந்த ஆப்பைத் திறந்து வச்சுட்டு வீட்டைச் சுத்திச் சுத்தி வருவா. எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டா. நீங்க கேட்டுப் பாருங்களேன்."

"எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? ஹாரன் சத்தத்துக்கு. ரோட்டுல போனைப் பாத்துட்டே நடப்பா. அதை விட ஆபத்து வேற இல்ல."

மனைவி ஒரே போடாகப் போட்டாள். "நாளைக்கு உங்களுக்கும் லீவுதானே. போன் இல்லாம ஸ்கூல் கேட் வரைக்கும் போய்ட்டு வரட்டும். நீங்க பின்னாலயே போய்ப் பாருங்க. அவ நடந்து நீங்க பாத்ததே இல்ல. பைக்ல உங்க முதுகுக்குப் பின்னாலதான் பாத்திருக்கீங்க."

மறுநாள் காலை அவளை முன்னால் அனுப்பிவிட்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு நானும் இறங்கினேன். நேற்று என்மேல் வந்த மரியாதை படியிறங்கும்போதே போய்விட்டது. தொப்பி வேறு போட்டிருந்தேன்.

பூட்டு சாவிக் கடை, மெத்தைக் கடை என்று நேராகப் போகும் தெரு. சைக்கிள்காரன் ஒருவன் அவளுக்குப் பின்னால் ஓரமாக வேகமாக வந்தான். மணியை அடித்தான். அந்த மணி அவளுக்குக் கேட்காது என்பது எனக்குத் தெரியும். வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடைப்பக்கம் ஒதுங்கினாள். சைக்கிள் போயிற்று. அவள் பாட்டுக்கு நடந்தாள்.

அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

பஞ்சர் கடை வந்தது. அதை ஒட்டி ஒரு சந்து. சாப்பாடு கொண்டுபோகிற பைக்குகள் அந்தச் சந்திலிருந்துதான் சீறிக்கொண்டு வரும். எனக்கு மிகப் பெரிய பயம் அந்த இடம்தான். கடை வாசலில் ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் சந்தைப் பார்க்கவில்லை. நாயைப் பார்த்தாள். நாய் கண்ணைத் திறக்கவில்லை, ஒரு காது மட்டும் சந்துப் பக்கம் திரும்பியது. அவள் நின்றாள். மூச்சு விடுகிற நேரத்தில் பைக் ஒன்று வெளியே பாய்ந்து திரும்பிப் போயிற்று. நாயின் காது மறுபடி மடிந்தது. அவள் சந்தைக் கடந்தாள்.

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். யாரோ என்னைத் திட்டிக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள். அதற்குப் பிறகு அவளுடைய கால்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அவள் எங்கே பார்க்கிறாள் என்று பார்க்க ஆரம்பித்தேன். எதிரே வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனாள். அவர்களின் கண் அவள் தோளுக்குப் பின்னால் தாவினால் ஒதுங்கினாள். சைக்கிள் வந்தது அப்படித்தான் தெரிந்திருக்கிறது. தரையில் தன் நிழலுக்குப் பக்கத்தில் இன்னொரு நிழல் நீண்டால் ஒதுங்கினாள். புறாக்கள் மொத்தமாக எழும்பிய இடத்தில் தயங்கினாள். மெத்தைக் கடைக் கண்ணாடிக்குள் தெருவின் பின்பாதி முழுவதும் தெரிகிறது என்பதை, அந்தக் கடைக்குக் கேமரா மாட்டிய நான் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

இத்தனை வருஷம் ஊரெல்லாம் கண் மாட்டியிருக்கிறேன், இப்படி ஒரு கண்ணைப் பார்த்ததில்லை. நாயும் புறாவும் எதிரே வரும் முன்பின் தெரியாத மனிதர்களும் அவர்களுக்கே தெரியாமல் என் மகளுக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவர்கள் எல்லாரையும் அவள் எப்போது வேலைக்கு வைத்துக்கொண்டாள்? மானேஜர் என்று விளையாட்டுக்குத்தான் பேர் வைத்தோம்.

பள்ளிக்கு முன்னால் வணிக வளாகத்தின் வண்டி நிறுத்துமிடம். கார்கள் நிலவறையிலிருந்து சரிவில் ஏறி வெளியே வரும் இடத்தில் வட்டமாக, குமிழ் போன்ற ஒரு கண்ணாடி இருக்கும். வளாகத்துக்குக் கேமரா போட்டபோது நானே மாட்டியதுதான். கார் ஓட்டுகிறவர்கள் பார்ப்பதற்காக வைத்தது. ஒருத்தன்கூடப் பார்த்ததில்லை. மானேஜர் அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். உள்ளிருந்து கார் ஒன்று வந்து போகும்வரை காத்திருந்தாள். போனபிறகும் அங்கேயே நின்றாள். பிறகு கண்ணாடியைப் பார்த்தபடியே கையை உயர்த்தி ஆட்டினாள்.

யாருக்கு ஆட்டுகிறாள் என்று எனக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. அப்புறம்தான் கண்ணாடிக்குள் தொப்பி போட்ட ஒரு தடியன் சின்னதாக நிற்பது தெரிந்தது.

அசடு வழியப் பக்கத்தில் போனேன். "எப்பலேர்ந்துடி தெரியும்?"

"பூட்டுக் கடை கண்ணாடியிலேயே பாத்துட்டேன். தொப்பி நல்லால்லப்பா."

பள்ளியின் மூடிய கேட்டுக்கு வெளியே சின்னச் சுவர் ஒன்று இருந்தது. அதில் உட்கார்ந்தோம். அவள் முகத்துக்கு நேரே திரும்பிச் சொன்னேன். "நீ தனியா போகலாம். போன் இருந்தாலும் இல்லாட்டியும் போகலாம். உன்னை மாதிரி ரோட்ல போக எனக்கே தெரியாது."

அவள் முகம் மலர்ந்தது. ஆனால் உடனே நெற்றியைச் சுருக்கினாள். "அப்ப காது ஆப்?"

"அது எதுக்கு இன்னும்? ரோட்டுக்கு உனக்கு அது தேவையே இல்லையே."

"ரோட்டுக்கு யார் கேட்டா? அது வீட்டுக்குப்பா."

பிறகு கொஞ்சம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அம்மாவின் போனில் திறந்து பார்த்தபோது, அவளுக்குக் கேட்காத சத்தமெல்லாம் வீட்டுக்குள் இருப்பது தெரிந்ததாம். குழாய் மூடினாலும் தண்ணீர் சொட்டுகிறதாம். அம்மா பக்கத்து அறையில் தனியாக இருக்கும்போது சிரிப்பு என்று வருகிறதாம். ஜன்னலுக்கு வெளியே காலையெல்லாம் பறவை, பறவை, பறவை என்று எழுத்து ஓடுகிறதாம். "இவ்ளோ பறவையா இருக்கு?" என்று என்னிடம் கேட்டாள். நான் கவனித்ததே இல்லை.

"அதெல்லாம் கண்டுபிடிச்சுட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் தெரியல" என்றாள். "விசில்னு வருது. ஃப்ரிட்ஜ்கிட்ட போய்ப் பாத்தேன், அது இல்ல. கெட்டில் இல்ல. பக்கத்து வீடும் இல்ல, அவங்க ஊர்ல இல்லாதப்பவும் வந்துச்சு. நீ வேலைக்குப் போய்ட்டா வராது. நீ வீட்டுக்கு வந்து உன் மேஜைல உக்காந்தா வரும். உன் கேமராப் பெட்டில ஏதோ ஒண்ணு கெட்டுப்போய்க் கத்துதுப்பா. எதுன்னு தெரிஞ்சா உனக்குச் சொல்லலாம்னு பாத்தேன். இல்லன்னா உன்னை யாராவது திட்டிடுவாங்கல்ல."

நான் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தேன்.

மாலையில் வீட்டுக்கு வந்தால் மூலையில் இருக்கும் என் மேஜையில் உட்கார்ந்து, பழுதான கேமராக்களைப் பிரித்துப் போட்டு வேலை செய்வது என் பழக்கம். கை வேலை செய்யும்போது வாய் விசிலடிக்கும். எந்தப் பாட்டும் இல்லை, நானாக இட்டுக்கட்டிய ஒரு மெட்டு. அவள் தொட்டிலில் கிடந்தபோது அவளைத் தூங்கவைக்க ஆரம்பித்தது. என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள், மெட்டு பிடித்திருக்கிறது என்று நான் பூரித்துப் போவேன். காது விஷயம் எங்களுக்குத் தெரிந்தது அதற்கு வெகு நாள் பிறகு. விசில் மட்டும் என்னிடம் நின்றுவிட்டது. முகம் பார்த்தால் பேச்சு, பேச்சு வந்தால் விசில் நின்றுவிடும். ஆக, அவள் நினைவு தெரிந்த நாளிலிருந்து நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் விசிலடித்திருக்கிறேன். ஒருநாள்கூட அவள் பார்த்ததில்லை. அப்பா முதுகைத் திருப்பினால் சத்தமில்லாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்தேன். காது படத்துக்குப் பக்கத்தில் இருந்த பொத்தானைப் போட்டேன். மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் போனை மேஜையின் நடுவில் வைத்து, மானேஜரை எதிரே உட்காரச் சொன்னேன்.

உதட்டைக் குவித்தேன். வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது.

திரையில் 'காற்று' என்று எழுத்து வந்தது.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். திரையில் 'சிரிப்பு' என்று வந்தது. மானேஜர் போனைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி குவித்தேன். இந்தமுறை அந்தப் பழைய மெட்டு தானாக வந்தது. 'விசில்' என்று திரை சொன்னது. நான் நிறுத்தினால் எழுத்து மறைந்தது. தொடர்ந்தால் வந்தது. அவள் எழுந்து வந்து, விசில் வெளிவரும் இடத்துக்கு நேராகத் தன் உள்ளங்கையை நீட்டி வைத்துக்கொண்டாள்.

"அது நீயா" என்றாள்.

தலையாட்டினேன்.

"பெட்டி எதுவும் கெடலையா?"

"ஒண்ணும் கெடல."

"அம்மா, உனக்கு இது தெரியுமா?"

"தெரியாம என்ன. ஃபேன் சத்தம் மாதிரி, கேட்டுக் கேட்டு என் காதுல விழறதையே விட்டுடுச்சு" என்றாள் மனைவி. சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. என் கண்ணைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை.

அந்த ஆப்புக்குள் இன்னொரு வசதி இருந்தது. நாம் தேர்ந்தெடுக்கும் சத்தம் வந்தால் போன் அதிரும். எந்தெந்தச் சத்தம் என்று ஒரு நீளமான வரிசை, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பொத்தான். மானேஜர் போனை என்னிடம் தரவில்லை. தானே உட்கார்ந்து, நான் எப்படிச் செய்தேனோ அப்படியே செய்தாள். கதவு மணி, அவுட். குழந்தை அழுகை, அவுட். ஹாரனையும் அணைத்தாள்.

நான் மேஜையைத் தட்டினேன். "ஹாரன் இருக்கட்டும்."

"அதுக்கு நாய் இருக்குப்பா."

சைரனை மட்டும் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன். கடைசியில் ஒரு பொத்தானில் அவள் விரல் நின்றது. அதைப் போட்டுவிட்டுத் திரையை மூடினாள். எதைப் போட்டாள் என்று காட்டவில்லை. அது அவள் போன், நானும் கேட்கவில்லை.

பள்ளி திறந்த அன்று காலை பையை மாட்டிக்கொண்டு இறங்கினாள். நான் பின்னால் போகவில்லை. மாடி வராந்தாவில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கேட்டைத் தாண்டித் தெருவில் நடக்க ஆரம்பித்தாள். போனைக் கையில் வைத்திருந்தாள், ஆனால் அதைப் பார்க்கவில்லை. எதிரே வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு போனாள். கூப்பிட்டுத் திரும்ப வைக்கலாம் என்றால் தட்டுவதற்கு மேஜை இல்லை, அணைத்துப் போட விளக்கும் இல்லை. அவள் முதுகுதான் தெரிந்தது. என்னையறியாமல் உதட்டைக் குவித்து அந்த மெட்டை அடித்தேன்.

அவள் திரும்பவில்லை, நடையையும் குறைக்கவில்லை. போன் வைத்திருந்த கையைத் தலைக்கு மேலே உயர்த்தி ஆட்டிவிட்டு, பூட்டுக் கடையைத் தாண்டிப் போனாள்.